சப்பாத்தின் இலக்கமும் வாடிக்கையாளரின் பாதமும்

பாதணி வியாபாரியின் காசு எங்கே முடங்கிக் கிடக்கின்றது என்று பார்க்க வேண்டுமானால் கடையின் முன்பக்கத்தைப் பார்க்கக் கூடாது. பின்பக்கத்து உயரத் தட்டைப் பார்க்க வேண்டும். அங்கே தூசி படிந்த பெட்டிகளில் பெரும்பாலானவை மாடல் பழுதானவை அல்ல. சைஸ் பொருந்தாதவை. ஒரு கார்ட்டனில் நடுத்தர இலக்கங்கள் இரண்டு வாரத்தில் போய்விடும். ஓரத்து இலக்கங்கள் இரண்டு வருடம் இருக்கும். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்றும் உண்டு. பொருந்தாத சப்பாத்தை வாங்கிச் சென்ற வாடிக்கையாளர் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க வரமாட்டார். அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். அந்த நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

இந்த வாரம் அளவு பற்றி எழுத நினைத்தேன். அதற்கு நம்மில் அநேகர் விற்காத ஒரு பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்கின்றேன். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் சைக்கிள் ஓட்டுவோர் அணியும் பூட்ஸ்தான் அது. சாதாரணச் சப்பாத்தில் அளவு பிழைத்தால் மாலையில்தான் கால் கடிக்கும். பனிக்கால பூட்ஸில் பிழைத்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். அளவு என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் பாதணி வேறில்லை. மேலும், கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொரியாவுக்கும் புறப்படும் நம் பிள்ளைகள் பூட்ஸ் கேட்டு நம் கடைகளுக்கும் வரத்தான் செய்கின்றார்கள்.

பனியிலும் சைக்கிள்

பின்லாந்தின் ஊலு நகரம் வட துருவ வட்டத்துக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் இருக்கின்றது. பூச்சியத்துக்குக் கீழே பல பாகை குளிர் அங்கே மாதக்கணக்கில் நீடிக்கும். ஆனாலும் அங்கே சைக்கிள் பாதைகளில் பனியை ஒதுக்கி ஒழுங்காகப் பராமரிப்பதால் பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் குளிர்காலம் முழுவதும் சைக்கிளில் போகின்றார்கள். பனிக்கால சைக்கிள் பயணம் பற்றிய முதலாவது சர்வதேச மாநாடு 2013இல் அந்த நகரில்தான் நடந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலமும் இதற்குப் பெயர் பெற்றது. 'போர்ட்டி பைவ் நோர்த்' என்ற கம்பனி அங்கிருந்து பனிக்கால சைக்கிள் பொருட்களை மட்டுமே குறிவைத்து வியாபாரம் செய்கின்றது. 'லேக்', 'நோர்த்வேவ்', 'ஷிமானோ' போன்ற நிறுவனங்களும் இத்தகைய பாதணிகளைத் தயாரித்திருக்கின்றன. ஒரு சிறிய தேவையைச் சரியாகப் புரிந்துகொண்டால் அதிலும் ஒரு சந்தை உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இறுக்கினால் குளிரும்

குளிரைத் தடுப்பது தோலோ ரப்பரோ அல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பாதத்தைச் சுற்றி அசையாமல் நிற்கும் காற்றுத்தான் வெப்பத்தைக் காக்கின்றது. கம்பளிக் காலுறையின் வேலையும் அந்தக் காற்றைப் பிடித்து வைப்பதுதான். பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் காலுறை நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். அதோடு இரத்த ஓட்டமும் குறையும். பாதத்துக்குச் சூட்டைக் கொண்டுவருவது இரத்தம்தான். அது குறைந்தால் எவ்வளவு விலைகூடிய பூட்ஸ் போட்டாலும் விரல் விறைக்கும்.

சைக்கிள் ஓட்டுபவருக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். நடப்பவரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் வளைந்து நிமிர்கின்றது. அதனால் இரத்தம் ஓடுகின்றது. சைக்கிள் சப்பாத்தின் அடிப்பாகம் மிதிக்கும் பலம் வீணாகாமல் இருப்பதற்காக விறைப்பாகச் செய்யப்படுகின்றது. பாதம் வளைவதில்லை. முன்னாலிருந்து காற்று வேறு நேராக விரலில் அடிக்கின்றது. பெடலில் பூட்டிக்கொள்ளும் வகைச் சப்பாத்தில் அடியில் ஓர் உலோகத் துண்டு பொருத்துவார்கள். அந்த உலோகம் பாதத்தின் சூட்டைக் கீழே இழுத்துவிடும்.

எனது சகோதரியின் மகன் ரொறன்ரோவில் இருக்கின்றார். வருடம் முழுவதும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகின்றார். முதல் குளிர்காலத்தில், கோடையில் போட்ட அதே 42ஆம் இலக்கத்தில் பனிக்கால பூட்ஸை வாங்கியிருக்கின்றார். ஒரு நாள் தொலைபேசியில், "மாமா, ரெண்டு மேஸ் போட்டும் விரல் விறைச்சுப் போகுது. மூணாவதையும் போடவா?" என்று கேட்டார். "ஒண்டைக் கழட்டிப் பாருங்க மகன்" என்றேன். ஒரு காலுறையோடு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அடுத்து அந்த பூட்ஸைக் கொடுத்து 43 மாற்றி, ஒரேயொரு தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவருக்கு வேறு முறைப்பாடு இருக்கவில்லை. பூட்ஸும் அதே மாடல், குளிரும் அதே குளிர். வித்தியாசம் ஏழு மில்லிமீற்றருக்கும் குறைவானது.

இலக்கங்கள் எங்கிருந்து வந்தன?

ஏழு மில்லிமீற்றர் என்ற கணக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மில் பலர் நாளாந்தம் உச்சரிக்கும் இலக்கங்களின் பொருளை ஒருபோதும் கேட்டுப் பார்த்ததில்லை.

பிரித்தானிய இலக்கத்தின் அடிப்படை வாற்கோதுமை மணி. ஒரு மணியின் நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீற்றர். 4 அங்குலத்தைப் பூச்சியமாக வைத்துச் சிறுவர் இலக்கம் 13 வரை போகும். அதன் பிறகு பெரியவருக்கு மீண்டும் 1 என்று தொடங்கும். இந்தக் கணக்கில் பெரியவரின் 8ஆம் இலக்கம் சரியாக 11 அங்குலம். அமெரிக்க இலக்கமும் இதே படிதான். ஆனால் ஆரம்பம் வேறு. ஆண்களுக்குப் பிரித்தானிய இலக்கத்தைவிட அரை முதல் ஒன்று வரை கூடும். பெண்களுக்குச் சுமார் இரண்டு கூடும்.

ஐரோப்பிய இலக்கம் பிரான்சிலிருந்து வந்தது. 'பாரிஸ் புள்ளி' என்பார்கள். ஒரு புள்ளி என்பது சென்ரிமீற்றரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மில்லிமீற்றர். ஆகவே 42 என்றால் 280 மில்லிமீற்றர்.

ஒன்றில் படி 8.5, மற்றதில் படி 6.67. இரண்டும் ஒருபோதும் சீராகச் சேராது. பிரித்தானிய 8 கிட்டத்தட்ட ஐரோப்பிய 42 ஆகிவிடும். ஆனால் பிரித்தானிய 7 என்பது 40க்கும் 41க்கும் இடையில் தொங்கும். ஒரு கம்பனி அதை 40½ என்று போடும். இன்னொரு கம்பனி 41 என்று போடும். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கே அப்படி.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பிரித்தானிய, ஐரோப்பிய, அமெரிக்க இலக்கங்கள் எதுவும் பாதத்தின் நீளத்தைச் சொல்வதில்லை. சப்பாத்தைத் தைக்கும்போது உள்ளே வைக்கும் பாத வடிவ அச்சின் நீளத்தையே அவை சொல்கின்றன. விரலுக்கு முன்னால் விடும் இடமும் அதில் அடக்கம். ஜப்பானியரும் கொரியரும் சீனரும் மறுபக்கமாகச் செய்கின்றார்கள். ஜப்பானில் சென்ரிமீற்றரில், கொரியாவில் மில்லிமீற்றரில், பாதத்தின் நீளத்தையே பெட்டியில் போடுகின்றார்கள். சீனாவிலிருந்து வரும் பெட்டிகளில் 260 என்று போட்டு அதன் பக்கத்தில் அகலத்துக்கு ஒரு சிறிய எண்ணையும் போட்டிருப்பதை இறக்குமதி செய்வோர் பார்த்திருப்பீர்கள். பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீற்றரில் சொல்லும் 'மொண்டோபொயின்ட்' என்ற இந்த முறைக்கு ஐ.எஸ்.ஓ. 9407 என்ற சர்வதேசத் தரமும் இருக்கின்றது. பனிச்சறுக்கு பூட்ஸ்களும் பல நாட்டு இராணுவ பூட்ஸ்களும் இந்த முறையில்தான் வருகின்றன.

நம் நாட்டிலிருந்து கொரியாவுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றார்கள். "எனக்கு 41. ஆகவே 273 மில்லிமீற்றர்" என்று பெருக்கிப் பார்த்து அங்கே 275 கேட்பார்கள். அவர்களின் பாதமோ 260தான். அரை அங்குலத்துக்கு மேல் பெரிய பூட்ஸோடு வேலைத்தளத்தில் நடக்க வேண்டிவரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாதம் 260 மில்லிமீற்றர். சாதாரணச் சப்பாத்துக்கு முன்னால் 15 மில்லிமீற்றர் இடம் என்று வைத்தால் 275. அது ஐரோப்பியக் கணக்கில் 41ஐச் சற்றுத் தாண்டும், பிரித்தானியக் கணக்கில் ஏழரை, அமெரிக்க ஆண்கள் கணக்கில் எட்டரை. தடித்த காலுறைக்கும் காற்றுக்கும் இன்னும் ஐந்து மில்லிமீற்றர் சேர்த்தால் 280. ஐரோப்பிய 42, பிரித்தானிய 8. இதுதான் பனிக்கால பூட்ஸை ஓர் ஐரோப்பிய இலக்கம் அல்லது அரைப் பிரித்தானிய இலக்கம் கூட்டி வாங்கச் சொல்வதன் காரணம். ஆனால் சில கம்பனிகள் காலுறைக்கான இடத்தை அச்சிலேயே சேர்த்துவிடும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஒன்று கூட்டவும் கூடாது. அந்தக் கம்பனியின் அட்டவணையில் பாத நீளம் எவ்வளவு என்று போட்டிருக்கின்றதோ அதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

பாதத்தை அளப்பது எப்படி?

அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரில் சப்பாத்துக் கடைக்காரர் ஒருவரின் மகனான சார்ள்ஸ் பிரனொக், 1920களில் பாதத்தை அளக்கும் ஓர் உலோகக் கருவியைச் செய்தார். பாதத்தின் முழு நீளம், அகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையான நீளம் ஆகிய மூன்றையும் அது ஒரே தடவையில் காட்டும். இன்றும் உலகின் நல்ல பாதணிக் கடைகளில் அதைக் காணலாம். விஞ்ஞானியின் ஆய்வுகூடத்தில் அல்ல, ஒரு கடையில் பிறந்த கருவி அது. வாடிக்கையாளரின் பாதத்தை அளப்பது வியாபாரியின் வேலை என்று அந்த இளைஞர் நினைத்ததால்தான் அது பிறந்தது.

அந்தக் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு தாளும் பென்சிலும் அடிமட்டமும் போதும். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீற்றர். பெரும்பாலான பாதங்கள் அதற்குள் அடங்கும்.

முதலாவது, அஸருக்குப் பிறகு அளவெடுப்பது நல்லது. நாள் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்தியது மாலையில் கடிக்கும்.

இரண்டாவது, வாடிக்கையாளர் நின்ற நிலையில் இருக்க வேண்டும். உடலின் பாரம் இறங்கும்போது பாதம் நீளும், அகலும். உட்கார்ந்திருப்பவரின் பாதத்தை அளப்பது அரைகுறை வேலை.

மூன்றாவது, குதிகாலைச் சுவரோடு சேர்த்து வைத்து, மிக நீளமான விரலின் நுனிவரை அளக்க வேண்டும். எல்லோருக்கும் பெருவிரல்தான் நீளம் என்று நினைக்கக் கூடாது. பலருக்கு இரண்டாவது விரல் நீளமாக இருக்கும்.

நான்காவது, இரண்டு பாதங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய பாதத்துக்குத்தான் சப்பாத்து.

ஐந்தாவது, மிக அகலமான இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அகலம் போதாமல் ஓர் இலக்கம் கூட்டிக் கொடுப்பது சரியான தீர்வல்ல. நீளம் கூடிவிடும், குதிகால் ஆடும். அகலமான அச்சில் தைத்த மாடலைத்தான் தேட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் பாதத்தின் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பினால் அதை நம்பி அளவு சொல்லாதீர்கள். அவரையே அளக்கச் சொல்லி மில்லிமீற்றர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

போட்டுப் பார்க்கும்போது

பனிக்கால பூட்ஸை எந்தக் காலுறையோடு பாவிக்கப் போகின்றாரோ அதே காலுறையோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். நம் நாட்டு வெயிலில் மெல்லிய காலுறையோடு, சில வேளை வெறுங்காலோடு, போட்டுப் பார்த்துவிட்டு "அளவு சரி" என்று சொல்லி அனுப்புவது பெரும் தவறு. குளிர்நாட்டுக்கு பூட்ஸ் விற்கும் கடையில் ஒரு சோடி தடித்த கம்பளிக் காலுறை எப்போதும் இருக்க வேண்டும். அதையும் சேர்த்து விற்கலாம், அதிலும் இலாபம் உண்டு.

உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் வாடிக்கையாளரை நிற்கச் சொல்லுங்கள். விரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் மிஞ்சுகின்றது, பக்கங்களில் பாதம் வெளியே பிதுங்குகின்றதா என்பது கண்ணுக்கே தெரியும். பிறகு பூட்ஸைப் போட்டு எல்லா விரல்களையும் மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். தடையின்றி அசைய வேண்டும். லேஸையோ பட்டியையோ இறுக்கிய பின்னும் அசைய வேண்டும். பாதத்தின் மேற்புறத்தில் அழுத்தம் இருந்தால் அங்கேதான் இரத்தம் தடைப்படும்.

மறுபக்கம், அளவுக்கு மிஞ்சியும் பெரிதாக இருக்கக் கூடாது. நடக்கும்போது குதிகால் உயர்ந்தால் தோல் உரியும். சைக்கிள் ஓட்டுபவருக்கு மிதிக்கும் பலம் வீணாகும். பெடலில் பூட்டும் வகையானால் உலோகத் துண்டு சரியான இடத்தில் அமையாமல் முழங்காலும் வலிக்கும். சாதாரண பெடல் பாவிப்பவருக்கு சைக்கிள் பூட்ஸே தேவையில்லை. நல்ல பனிக்கால பூட்ஸ் போதும். ஆனால் மிக அகலமான பூட்ஸ் பெடலைத் தாங்கும் தண்டில் உரசும் என்பதை அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

கையிருப்பில் ஒரு மாற்றம்

இதெல்லாம் நம் கடைக்கு என்ன பிரயோசனம் என்று கேட்கலாம். நான் எனது அனுபவத்தில் பலன் கண்ட மூன்று விடயங்களைச் சொல்கின்றேன்.

ஒன்று, "கேட்டார், இல்லை" என்று ஒரு கொப்பி வையுங்கள். விற்ற இலக்கங்கள் பில்லில் இருக்கும். விற்க முடியாமல் போன இலக்கம் எங்கும் பதிவாவதில்லை. மூன்று மாதம் அந்தக் கொப்பியை எழுதினால் உங்கள் ஊரின் பாதம் உங்களுக்குத் தெரியவரும். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு கலவை. மொத்த வியாபாரி கட்டித் தரும் கலவையை அப்படியே எடுக்காமல், இந்த இலக்கம் இத்தனை சோடி என்று கொப்பியைக் காட்டிப் பேசுங்கள். எல்லோரும் சம்மதிக்கமாட்டார்கள். சம்மதிப்பவரைத் தேடிக்கொள்வதே நல்ல கொள்வனவு.

இரண்டு, நிரந்தர வாடிக்கையாளரின் பெயருக்கு நேரே இலக்கத்தை எழுதாமல் மில்லிமீற்றரை எழுதுங்கள். எந்தக் கம்பனியின் பொருள் வந்தாலும் அந்த எண் மாறாது. விளையாட்டுச் சப்பாத்துப் பெட்டிகளின் பக்கவாட்டில் மற்ற இலக்கங்களோடு சென்ரிமீற்றரும் அச்சடித்திருப்பார்கள். விற்பனையாளரை முதலில் அதைப் பார்க்கப் பழக்குங்கள்.

மூன்று, இறக்குமதி செய்வதற்கு முன் மாதிரிச் சோடியை வரவழைத்து உள்நீளத்தை நீங்களே அளந்து பாருங்கள். வரியும் டொலரும் இருக்கும் நிலையில், ஒரு கொள்கலன் வந்திறங்கிய பிறகு "இலக்கம் சிறிதாக வருகின்றது" என்று கண்டுபிடிப்பதில் பயனில்லை.

அளவு ஓர் அமானத்

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சரியான இலக்கம் கையில் இல்லாதபோது, "போடப் போட இளகும், எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும் பழக்கம் நம் கடைகளில் வேரூன்றி இருக்கின்றது. தோல் அகலத்தில் சற்று இளகும் என்பது உண்மை. நீளத்தில் இளகாது என்பதும் விற்பவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னால் அதற்கு வியாபாரத் தந்திரம் என்று பெயரில்லை.

அளவையிலும் நிறுவையிலும் குறை வைப்பதை நமது மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கின்றது என்பதை நாம் அறிவோம். அரிசிக்கும் துணிக்கும் மட்டும்தான் அளவை என்று நினைத்துக்கொண்டிருக்கின்றோம். பாதத்துக்குப் பொருந்தாத சப்பாத்தைப் பொருந்தும் என்று சொல்லி விற்பதும் அளவையில் வைக்கும் குறைதான். நீரிழிவு இல்லாத குடும்பம் இன்று நம் சமூகத்தில் அரிது. நீண்டகால நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குச் சப்பாத்து கடிப்பதே தெரியாது. சிறிய உரசல் புண்ணாகி, புண் ஆறாமல் விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் போகலாம். அந்தச் சோடியில் கிடைத்த சில நூறு ரூபா இலாபத்தில் பரகத் இருக்குமா?

"இந்த அளவு என்னிடம் இல்லை, வரவழைத்துத் தருகின்றேன், அவசரமென்றால் அடுத்த கடையில் பாருங்கள்" என்று சொல்வதற்கு ஒரு மனம் வேண்டும். அப்படிச் சொல்லும் கடைக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவதை நான் பல தடவை கண்டிருக்கின்றேன். தன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவார். ஆகவே நாளை கடை திறந்ததும் ஓர் அடிமட்டத்தையும் சில வெள்ளைத் தாள்களையும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். முதலில் பாதம், பிறகு பெட்டி. வல்ல அல்லாஹ் நம் அனைவரின் வியாபாரத்திலும் பரகத் செய்வானாக.